பாதிப் பொறை

"ஆமா" என்று சொல்லியாகிவிட்டது. வெறும் வயிறுதானே ஐயா, ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் குடுக்கலியே என்று டாக்டரம்மா கேட்டாள். ஆமா என்றார் ஆதிமூலம். உதவியாள் சகாயம் நாய்க்குட்டியை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு உள்ளே போனான். அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டி அது இவரைப் பார்த்தது. பச்சைக் கதவு சாத்திக்கொண்டது. இவர் வெளியே மாட்டாஸ்பத்திரிச் சிமெண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மடியில் வெறும் சங்கிலி. சங்கிலிக்கு மேலே மடித்த பனியன் ஒன்று, அவருடையதுதான், பழசு. கைக்கென்று இருந்த ஓட்டை இரண்டு, நேற்று கத்தரிக்கோல் போட்டு அவர் வெட்டினது இரண்டு, ஆக நாலு காலுக்கும் ஆயிற்று. தையலை நக்காமல் இருக்க இதை மாட்டிவிட வேண்டுமாம். பத்து நாள். பத்து நாளும் தாவக் கூடாது, ஓடக் கூடாது, தண்ணி படக் கூடாது, படியேறக் கூடாது. வீட்டில் படியே இல்லை என்றார், வெள்ளிக்கிழமை இதைச் சொன்னபோது. டாக்டரம்மா சிரித்தாள். சிரிக்கும்படியாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் ஒரு கறவை மாட்டை நிறுத்திக் கட்டியிருந்தார்கள். மாட்டுக்காரன் அதன் முதுகில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான், தன்னைத்தான் திட்டுகிறான் என்பதுபோல மாடு கண்ணை மூடித் திறந்தது. ரோட்டில் ஒரு பஸ் இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது கரகரத்தது. கிளட்ச் போயிற்று அதற்கு. எவனுக்கும் மிதிக்கத் தெரிந்த கால் இல்லை இப்போது. ஓட்டுகிறார்களாம். பனியனை நீவிக்கொண்டிருந்த விரலில் என்னமோ நறுநறுத்தது. துகள். பழுப்பாக. சட்டைப் பையின் ஓரத்திலும் இரண்டு. தட்டிவிட்டார். தட்டிவிட்ட பிறகுதான் கை அப்படியே நின்றது.

பொறை. டீயில் முக்கித் தின்கிற பொறை. காலையில் நாலரைக்கு. முப்பத்தோரு வருஷம் கவர்மெண்டு பஸ் ஓட்டின உடம்பு, ரிட்டையராகிப் பதிமூன்று வருஷம் ஆகியும் முதல் நடைக்கு எழுந்துகொள்கிறது. எழுந்தார். டீ போட்டார். டப்பாவிலிருந்து ஒரு பொறையை எடுத்து உடைத்தார். உடைத்தால் பாதி தனக்கு, பாதி பக்கத்தில் இருப்பவனுக்கு. டிப்போவில் அது வழக்கம். வெறும் வயிற்றோடு வண்டி எடுக்கக் கூடாது, டிரைவரும் கண்டக்டரும் ஒரு பொறையையாவது ஆளுக்குப் பாதி தின்றுவிட்டுத்தான் ஏறணும். யார் ஏற்படுத்தினதோ. தின்னாமல் ஏறின நாள் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. கண்டக்டர் நடேசன் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டே இடது கையை நீட்டுவான், பார்க்காமலேயே இவர் வைப்பார். பதினாலு வருஷம் அந்தக் கை. நடேசன் போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகிறது. அப்புறமும் உடைத்துக்கொண்டுதான் இருந்தார், மற்ற பாதி டப்பாவில் கிடந்து நமுத்துப்போகும். போன ஐப்பசி மழையில் வாசல் சாக்கடையில் விழுந்து கத்திக்கொண்டு கிடந்த இதைத் தூக்கி வந்து துடைத்துவிட்டதிலிருந்து அந்தப் பாதி இதற்கு. இன்றைக்கும் உடைத்தார், காலடியில் ஒரு மூக்கு வந்து நின்றது, பார்க்காமலேயே போட்டார். கறுக்கென்று இரண்டு கடி. ராத்திரி எட்டு மணிக்கே தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவர். எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர்க் கிண்ணத்தைக்கூட எடுத்து மேலே வைத்தவர். மூளை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தது. கைக்குச் சொல்ல மறந்துவிட்டது.

சொன்னபோது பொய்யில்லை அது. உட்கார்ந்த பிறகுதான் பொய்யாயிற்று. எழுந்து போய்ச் சொன்னால் ஆயிற்று, கதவு பத்தடி. ஆனால் மணி ஒன்பதே முக்கால் ஆகிறது, நாலரையிலிருந்து அஞ்சு மணி நேரம் ஆகிவிட்டது, அஞ்சு மணி நேரத்தில் இங்கிருந்து மெட்ராசுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம், ஒரு பாதிப் பொறை இரைப்பையிலிருந்து குடலுக்குப் போய்ச் சேராதா. சேர்ந்திருக்கும். நடுவில் டயர் பஞ்சரானால்? வெள்ளிக்கிழமை இதே டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னாளே, மயக்கத்துல வாந்தி வந்துதுன்னா மூச்சுக்குழாய்ல இறங்கிடும் ஐயா, அப்புறம் நம்ம கையில இல்ல என்று. தெரியும் என்று வெடுக்கென்று சொன்னார். என்ன தெரியும். அவருக்கு ஏர் லாக் தெரியும், பிரேக் டவுன் தெரியும். இப்போது போய்க் கதவைத் தட்டினால் இந்த மாட்டுக்காரன் போனை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். ஏன்யா கேட்டப்ப வாயில என்னா வச்சிருந்த என்பாள் அந்தப் பொண்ணு, அவள் அப்படிப் பேசமாட்டாள், ஆனால் அந்த முகம் அதைச் சொல்லும். பேத்தி வயசு. சொல்லட்டும், அதனால் என்ன. எழுந்தார். சங்கிலி மடியிலிருந்து சரிந்து தரையில் கலகலவென்று கொட்டியது, குனிந்து எடுத்தார், எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். சின்னக் குட்டி. பாதிப் பொறை. அதிலும் கொஞ்சம் கீழே சிந்திற்று. சிந்தினதையும் நக்கிற்று.

இந்தக் கருத்தடை ஆபரேஷனுக்கு இன்றைக்கு வந்திருக்கவே வேண்டாம். சித்திரையிலேயே வந்திருக்க வேண்டும். ஊசி போடப் போனபோது டாக்டரம்மா சொன்னாள், ஆறு மாசம் ஆகுது ஐயா, இப்பவே பண்ணிட்டா நல்லது, பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடி. சரி என்று வந்தார். வந்தால் பக்கத்து வீட்டுக் கொளஞ்சி வேலிமேல் கையைப் போட்டுக்கொண்டு நின்றான். "எதுக்குண்ணே அவசரப்படுற? ஒரு ஈத்துப் போடட்டும். பொட்டையாப் பொறந்ததுக்கு ஒரு தடவையாவது தாயாவ வேணாமா? பாவம்ணே" என்றான். "நீ வந்து அள்ளுவியா எட்டுக் குட்டியையும்?" என்றார் இவர். "நான் ஏன் அள்றன், ஒனக்குத்தான் ஆள் இல்லாம பேச்சுக்கு வறண்டு கெடக்குதே." போடா என்று உள்ளே வந்துவிட்டார். ஆனால் பாவம் என்ற சொல் கால் சட்டையில் ஒட்டிக்கொண்ட நெருஞ்சி மாதிரி கூடவே வந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார். வைகாசியில் ஒரு காலை வாசலைத் திறந்தால் ஏழு நாய். சாம்பல் ஒன்று, காது கிழிந்தது ஒன்று, கோயில் பக்கத்து நொண்டி. மூன்று வாரம் நாற்காலியை வாசலில் போட்டு மடியில் கம்போடு உட்கார்ந்திருந்தார். என்னாண்ணே, கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனா என்றான் கொளஞ்சி. குட்டி உள்ளே கதவடியில் படுத்து முனகிற்று. அது எதற்கு முனகுகிறது என்று அதற்கே தெரியவில்லை, இவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்பதுபோல இவரைப் பார்த்தது. ஓடி வந்து டாக்டரம்மாவைக் கேட்டால், இப்ப தொட முடியாது ஐயா, ரத்த ஓட்டம் ஜாஸ்தியா இருக்கும், ரெண்டு மூணு மாசம் போகட்டும் என்றாள். ஆக ஆவணி. எப்போது செய்யணும் என்று ஊரெல்லாம் கேட்டார். குட்டியைத்தான் கேட்கவில்லை. அதை எப்படிக் கேட்பது. போதும் என்று நாமே சொல்லிவிட வேண்டியதுதான். போதும். இந்தச் சொல்லை இதற்கு முன்னால் ஒருதரம் சொல்லியிருக்கிறார்.

சகாயம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். கையில் வாளி. சுவரோரம் போய் வாளியைக் கவிழ்த்து ஊற்றினான், குழாயில் அலசினான், இவரை ஒரு பார்வை பார்த்தான், உள்ளே போய்விட்டான். முடிந்துவிட்டதா, தொடங்கவில்லையா, என்ன தண்ணீர் அது, கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. அஞ்சலாட்சி. அவர் மனைவி. மூத்த மகள் பிரசவத்துக்கென்று பூனாவுக்குப் போனவள், மூன்று மாசம் என்று சொல்லி ரெட்டைப் பிள்ளை, ஆயிற்று நாலு வருஷம். இவரும் ஒருதரம் போனார். பதினோராவது மாடி. ஒன்பது நாள் ஜன்னலில் நின்றுவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. அவள் அங்கே, இவர் இங்கே, அவ்வளவுதான். "உள்ள கொண்டுபோயிட்டாங்களா?" "ம்." "காத்தால ஒண்ணும் குடுக்கலியே? பாலு கீலு?" "இல்ல" என்றார். இது உட்கார்ந்த பிறகு சொன்னது. இது முழுப் பொய். "டீ குடிச்சீங்களா?" "குடிச்சேன்." "எங்க இருக்கீங்க இப்ப?" "இங்கதான். வெளிய." "எங்கயும் போயிடாதீங்க, என்னா. அது கண்ணு முழிக்கறப்ப தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு எதுர இருக்கணும்." சரி என்பதற்குள் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது, போன் வைத்தாயிற்று.

எங்கயும் போயிடாதீங்க. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் எதையும் குத்திச் சொல்கிறவள் இல்லை. அதுதான் கஷ்டம். சின்னவள் பிறந்து ஒன்றரை வருஷத்தில் நர்சம்மா வீட்டுக்கு வந்தாள், ரெண்டு போதும் பண்ணிக்குங்க, ஆம்பளைங்களுக்குன்னா சின்ன வேலை, அரை நாள்ல வீட்டுக்கு வந்துடலாம் என்று இவரைப் பார்த்துச் சொன்னாள். ஸ்டியரிங் பிடிக்கிறவன்மா என்றார் இவர், என்னமோ ஸ்டியரிங்கை அதை வைத்துத்தான் பிடிப்பதுபோல. நர்சம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அஞ்சலாட்சி அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, இன்னும் ஒண்ணு பாப்பமே என்றாள். ஆண் பிள்ளைக்காக இல்லை. அவளுக்குக் கைக்குழந்தை வாசம் பிடிக்கும், அவ்வளவுதான். போதும் என்றார். சாம்பார் போதும் என்று நினைத்து ஒரு கணம் அவள் கரண்டியைப் பின்னுக்கு எடுத்தாள், அப்புறம்தான் புரிந்துகொண்டாள். மறுபடி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் குடும்பக்கட்டுப்பாடு முகாம் போட்டார்கள். அன்றைக்கு விடியுமுன் எழுந்து, ஒரு வாரத்துக்கு வாளி தூக்கக் கூடாதாமே என்று வீட்டிலிருந்த துணியையெல்லாம் துவைத்துப்போட்டாள். பிள்ளைகள் பாவாடை, போர்வை, இவருடைய காக்கிச் சட்டை கால்சட்டை இரண்டு ஜோடியும். குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பினாள். பள்ளிக்கூட வாசலில் பெயர் கொடுத்துவிட்டு, இருப்பீங்கல்ல என்றாள். டூட்டி இருக்கு என்றார். டூட்டி இல்லை. லீவு போட்டிருந்தார். உள்ளே வரிசையாகப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒரு கிழிந்த திரை, திரைக்குப் பின்னால் இரும்புச் சாமான்கள் தட்டில் விழும் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார், ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்தார், கீழே இறங்கி மணலில் பாலத்தின் நிழலில் உட்கார்ந்தார். மேலே வண்டிகள் போயின. சத்தத்தை வைத்தே இது கடலூர், இது சேலம், இது நம்ம வண்டி, இன்றைக்கு மாரிமுத்து ஓட்டுகிறான், உதறுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிழல் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும்வரை. சாயங்காலம் போனால் வகுப்பறைத் தரையில் பாய் விரித்து முப்பது பேர், எல்லார் மூஞ்சியும் ஒன்றுபோல மஞ்சளாக. அவள் எந்தப் பாய் என்று தெரியவில்லை. பக்கத்துப் பாய்க்காரிதான், அந்தம்மா ரொம்ப நேரமாத் தேடிச்சு என்றாள். அஞ்சலாட்சி கண்ணைத் திறந்து இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எங்க போயிருந்தீங்க என்றாள். டூட்டி என்றார். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. டூட்டி. ஆமா. இல்ல. போதும். ஒரு சொல் போதும் என்று வாழ்ந்தாயிற்று, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் தரையில் படுத்துக்கிடக்கிறது.

கதவுக்குப் பின்னால் தட்டில் ஏதோ விழுந்தது. அதே சத்தம். கால் எழுந்துவிட்டது. இந்தத் தரம் சங்கிலியைப் பெஞ்சிலேயே போட்டார். வெளிக்கேட் பக்கம்தான் உடம்பு திரும்பிற்று, அது அவருக்கே தெரிந்தது, திரும்பின உடம்பை ரிவர்ஸ் எடுப்பதுபோல எடுத்துக் கதவுக்கு வந்தார். தட்டினார். உள்ளங்கையால், பஸ் தகரத்தை அடிப்பதுபோல. "என்னா பெரியவரே, கதவ ஒடைக்கறதுக்கா வந்த?" என்று சகாயம் பாதித் தலையை நீட்டினான். "டாக்டரக் கூப்பிடு." "கையக் கழுவிக்கிட்டு இருக்காங்க. போய் உக்காரு." "கூப்பிடுடா." அந்தச் சத்தத்துக்கு மாட்டுக்காரன் போனைக் காதிலிருந்து எடுத்தான். டாக்டரம்மா ஈரக் கையை உயர்த்திப் பிடித்தபடியே வந்து நின்றாள். ஆதிமூலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவின் இற்றுப்போன அடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு பாதிப் பொறை போட்டுட்டேன். காலையில, நாலரைக்கு. பழக்கதோஷம். நீங்க கேட்டப்ப ஞாபகம் இல்ல. அப்பறம் வந்துது. ஞாபகம் வந்தும் உக்காந்திருந்தேன். அதத்தான் சொல்றன். ஞாபகம் வந்தும் உக்காந்திருந்தேன்." இவ்வளவு பேச்சு அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ மாசம். "தெரியுமே" என்றாள் டாக்டரம்மா. அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றிற்று. "முதல் ஊசி போட்டதுமே வாந்தி எடுத்துடுச்சு. அந்த ஊசிக்கு நெறைய நாய் எடுக்கும். கட்டி கட்டியாப் பொறை. சகாயம் அண்ணன்தான் அள்ளிக் கொண்டாந்து ஊத்தினாரு, நீங்க பாக்கல? நல்லவேளை, முழு மயக்கத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. இல்லன்னா என்னா ஆயிருக்கும்?" அவர் சட்டைப் பை ஓரத்தைத் தட்டிவிட்டார். "சொல்லுங்க ஐயா, என்னா ஆயிருக்கும்?" "செத்துருக்கும்." "ஆங். பெரியவங்களத் திட்டக் கூடாதுன்னு பாக்கறேன். இன்னும் ஒரு மணி நேரம் போட்டு வச்சிருந்து, மூச்சு சரியா இருந்தாத்தான் கத்திய எடுப்பேன். இல்லன்னா அடுத்த வாரம். போய் உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க." இவளுமா. "போகல" என்றார். சகாயம் கதவைச் சாத்துமுன், "பொறையில பாதிய நீ தின்னுட்டியாக்கும்" என்றான்.

போகவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு மாட்டுக்காரன் போனான், ஒரு ஆடு வந்து போயிற்று, சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது, அதற்கும் எழுந்து போகவில்லை. தெரியுமே. அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். இவர் இங்கே மலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே வாளியில் அள்ளி ஊற்றி அலசியே ஆகிவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்குத்தான் எல்லாம் முடிந்து கதவு திறந்தது. அது சகாயத்தின் கையில் ஈரத்துணி மாதிரித் தொங்கிற்று, நாக்கு ஒருபக்கம் வெளியே. பனியனை மாட்டினார்கள், முன்காலை இவர் நுழைத்தார், பின்காலை டாக்டரம்மா. நல்லா வெட்டியிருக்கீங்களே என்றாள். முழுசா எழுந்து நிக்கற வரைக்கும் தண்ணி வேணாம், சாயங்காலம் கஞ்சி ரெண்டு ஸ்பூன், குளிர விடாதீங்க, நாளையிலேருந்து மாத்திரை, தையல்ல சிவப்போ நீரோ கண்டா ஒடனே தூக்கிட்டு வாங்க. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல வாயெடுத்தவர், ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார், கஞ்சி ரெண்டு ஸ்பூன், சிவப்பு, நீர். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் ஓட்டுகிறவன் தோளை அழுத்தினார். வீட்டுக்கு வந்து கட்டிலின் காலுக்குப் பக்கத்தில் போர்வையை நாலாக மடித்துப் போட்டுக் கிடத்தினார். அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, அந்தச் சின்ன வயிறு தன் பனியனுக்குள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். ஏறிற்று. இறங்கிற்று. அடுத்தது ஏறுமோ ஏறாதோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் வேறு சத்தம் இல்லை. நாலு வருஷமாக இல்லை. இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

போனை எடுத்தார். இவராக அவளைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. "என்னாச்சு?" என்றாள் எடுத்த எடுப்பில், பதறி. "ஒண்ணும் ஆவல. வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். இன்னும் முழிக்கல." "அப்பறம் ஏன் கூப்புட்டீங்க?" அதுதான் கேள்வி. "அஞ்சல, நான் காத்தால அதுக்குப் பொறை போட்டுட்டேன். ஒங்கிட்ட இல்லன்னு சொன்னேன்." "ஐயய்யோ." "வாந்தி எடுத்துடுச்சு, இப்ப சரியாப் போச்சு." "எடுத்துச்சே, நல்லதாப் போச்சு. கையி சும்மா இருக்காதே ஒங்களுக்கு." வைத்துவிடுவாளோ என்று இருந்தது. வயிறு ஏறிற்று, இறங்கிற்று. "அன்னிக்கு முகாம்ல" என்றார். "அன்னிக்கு நான் டூட்டிக்குப் போவல." பதினோராவது மாடியில் ஏதோ ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, யாரோ குழாயை மூடினார்கள், அவள்தான் மூடினாள். "ரெண்டு ஜோடி காக்கியும் கொடியில ஈரமாத் தொங்குச்சே" என்றாள். "நான்தான தொவச்சுப் போட்டேன்." ஆதிமூலம் சுவரில் சாய்ந்திருந்த தலையை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தாளே. வேட்டி. வேட்டி ஓரத்தில் மணல். "கேக்கலியே நீ." "கேட்டேனே. எங்க போயிருந்தீங்கன்னு கேட்டேன்." கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது, பாயில் படுத்துக்கொண்டு, மஞ்சள் முகத்தோடு. "ஆத்து மணல்ல உக்காந்திருந்தேன்" என்றார். "பாலத்துக்கு அடியில. பயந்துகிட்டு." "சாப்பிட்டீங்களா அன்னிக்கு?" "இல்ல." "நானும் இல்ல" என்றாள். அப்புறம், பாட்டி பாட்டி என்று இரண்டு குரல் ஒன்றாக வந்து மோத, "இருங்கடா" என்றாள், யாரோ போனைப் பிடுங்கினார்கள், கட்டாகிவிட்டது. கூப்பிடுவாள், நாளைக்கு, இதே நேரத்துக்கு, டீ குடிச்சீங்களா என்பாள். போனைத் தரையில் வைத்தார். பனியன் அசைந்தது. ஒரு கண் திறந்திருந்தது, பாதி, கலங்கலாக. அது சுவரைப் பார்த்தது, கட்டில் காலைப் பார்த்தது, தேடிற்று. ஆதிமூலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முட்டி இரண்டும் சொடுக்க, தரையோடு தரையாக அதன் முகத்துக்கு நேரே படுத்தார்.